வீட்டில் ஒரு தியேட்டர் ஆர்கன்: சுவிட்சும் காற்றும்

தியேட்டர் ஆர்கன் (மௌனப் பட அரங்குகளில் வாசிக்கப்பட்ட குழல் ஆர்கன்) என்றதும் முதலில் கண்ணுக்குத் தெரிவது குதிரை லாட வடிவ கன்சோலும் (வாசிக்கும் மேசை), அதில் வளைந்து நிற்கும் வண்ண ஸ்டாப் (ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) வரிசையும்தான். வீட்டில் எலக்ட்ரானிக் ஆர்கன் கட்ட இறங்குகிறவர்களும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள். எத்தனை மேனுவல் (கையால் வாசிக்கும் விசைப்பலகை), எத்தனை ஸ்டாப், என்ன மரம் என்று திட்டம் போடுவதிலேயே பாதி உற்சாகம் செலவாகிவிடுகிறது. கன்சோல் முக்கியம்தான். ஆனால் காதுக்கு இது தியேட்டர் ஆர்கனாகக் கேட்பதும், தேவாலய ஆர்கனில் நடுக்கம் சேர்த்த மாதிரி கேட்பதும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, குழல்களைப் பகிர்ந்துகொள்ளும் சுவிட்ச் வலை. மற்றொன்று, டிரெமுலன்ட் என்ற நடுக்கக் கருவி ஆட்டிவைக்கும் காற்று. உழைப்பில் பாதியை இவற்றுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் கட்சி.

இந்த வாத்தியத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ். இங்கிலாந்துக்காரர், தொழிலால் டெலிபோன் இன்ஜினீயர். 1910-ல் அமெரிக்காவின் வுர்லிட்சர் கம்பெனிக்குப் போனார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கம்பிகளை மாற்றி மாற்றி இணைப்பதைப் போல, விசைக்கும் குழலுக்கும் நடுவே மின் ரிலேக்களைப் போட்டார். அதனால் ஒரே குழல் வரிசையை 16 அடி, 8 அடி, 4 அடி, 2 அடி (மிகக் கீழ்க் குழலின் நீளம்; அது பாதியானால் ஒலி ஓர் ஆக்டேவ் ஏறும்) என்று பல ஸ்டாப்களாக, எந்த மேனுவலிலிருந்தும் அழைக்க முடிந்தது. யூனிஃபிகேஷன் என்பது இதுதான். ஆக, தியேட்டர் ஆர்கன் பிறப்பிலேயே ஒரு சுவிட்ச் இயந்திரம். மைக்ரோகன்ட்ரோலரும் கம்ப்யூட்டரும் இதற்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதற்கும் அதுவே காரணம்.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் ஆர்கனுக்கு 2 மேனுவல், ஒவ்வொன்றிலும் 61 விசை, 32 நோட் பெடல் போர்டு, 60-லிருந்து 64 வரை ஸ்டாப் டேப் போதும். ரேங்க் (ஒரே ஒலி நிறமுள்ள குழல் வரிசை) 6 இருந்தால் வாசிக்கலாம்: டிபியா (தியேட்டர் ஆர்கனின் அடிப்படையான ஃப்ளூட் வகை ஒலி), வாக்ஸ் ஹியூமனா (மனிதக் குரலை ஒத்த ரீட்), கான்சர்ட் ஃப்ளூட், ஸ்ட்ரிங், டயபேசன், ட்ரம்பெட் அல்லது டூபா. வுர்லிட்சரே சிறிய அரங்குகளுக்கு 2 மேனுவல் 6 ரேங்க் ஆர்கன்களைச் செய்து விற்றது. ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் இருப்பதைப் போல 58 ரேங்க் வேண்டும் என்று தொடங்கினால் வேலை முடியாது. 6 ரேங்கை நன்றாக வாய்ஸிங் செய்தால் (குழல் குழலாக ஒலியைச் சரிசெய்தால்), சரியாக வாய்ஸிங் செய்யாத 20 ரேங்கைவிட நன்றாக இருக்கும்.

ஒலிக்கு இன்று எல்லாரும் போகும் வழி மென்பொருள்தான். கிராண்ட்ஆர்கு இலவசம், மூலநிரலும் திறந்தது. ஹாப்ட்வெர்க் காசு கொடுத்து வாங்குவது. மிடிட்சர் 216 என்பது வுர்லிட்சரின் ஸ்டைல் 216-ஐ மாதிரியாக வைத்துச் செய்த இலவச மென்பொருள். கன்சோலின் வயரிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இது மிகவும் வசதி, ஏனென்றால் ஸ்டாப் பட்டியல் உட்பட எல்லாம் தயாராக வந்துவிடும்.

பழைய முறையில், டாப் ஆக்டேவ் சிப் வைத்து முழுக்க சர்க்யூட்டிலேயே ஒலி உண்டாக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்கே50240 போன்ற சிப் ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 239, 253, 268 என்று 478 வரை வகுத்து மேல் ஆக்டேவின் நோட்டுகளைத் தரும். கீழ் ஆக்டேவ்கள் அதிலிருந்து பாதி பாதியாக வகுபடும். சுருதி ஒருநாளும் கலையாது. அதுவே அதன் குறையும்கூட. எல்லா ஆக்டேவும் ஒரே அலையோடு பூட்டப்பட்டிருப்பதால் ஒலி உறைந்துபோய்க் கேட்கும். நிஜக் குழல்களில் ஒவ்வொன்றும் ஓரிரு சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) முன்பின் இருக்கும். சேர்ந்து ஒலிக்கும்போது வரும் கதகதப்பு அந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

மேனுவல்: மேட்ரிக்ஸும் டயோடும்

பழைய மிடி (வாத்தியங்களும் கம்ப்யூட்டரும் செய்தி பரிமாறும் முறை) கீபோர்டுகளிலிருந்து விசைப்பலகையைக் கழற்றி எடுப்பதே சுலபம். 61 விசையை 8-க்கு 8 மேட்ரிக்ஸாக (வரிசையும் நெடுவரிசையுமான கம்பி வலையாக) வயர் செய்தால் 16 கம்பி போதும். 64 இடத்தில் 3 மிச்சம். ஒவ்வொரு விசைக்கும் ஒரு 1என்4148 டயோடு கட்டாயம். ஒரு மேனுவலுக்கு 61, இரண்டுக்கும் சேர்த்து 122. கையில் 150 இருக்கட்டும்.

டயோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு கார்டில் (சேர்த்து வாசிக்கும் நோட்டுகள்) பார்த்துவிடலாம். விசைகளை 0-லிருந்து எண்ணி, முதல் வரிசையில் 0 முதல் 7, இரண்டாவதில் 8 முதல் 15 என்று வயர் செய்திருக்கிறீர்கள். கீழ் சி என்பது 0, இ என்பது 4, ஜி ஷார்ப் என்பது 8. இந்த மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 0-வும் 4-ம் முதல் வரிசையில், 0-வும் 8-ம் முதல் நெடுவரிசையில். மின்சாரம் இந்த மூன்று சுவிட்சின் வழியாகச் சுற்றிப்போய் நான்காவது மூலைக்கும் வந்து சேரும். அந்த மூலை 12, அதாவது மேல் சி. யாரும் தொடாத மேல் சி கூடவே ஒலிக்கும். ஒற்றை விசையாகச் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. ஆகவே மேட்ரிக்ஸ் முடிந்ததும் முதல் சோதனையாக இந்த கார்டையே வாசியுங்கள்.

டயோடின் திசை: வரிசைக் கம்பியைத் தாழ்த்தி, நெடுவரிசையை புல்-அப் (கம்பியை உயர் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) வைத்துப் படிக்கும் முறையில், பட்டை போட்ட முனை வரிசைப் பக்கம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் திரும்பியிருந்தால் அந்த விசை மட்டும் ஊமை. ஒரு வரிசை முழுக்க ஊமை என்றால் டயோடை விட்டுவிட்டு ரிப்பன் கேபிளைப் பாருங்கள்.

அடுத்த தொல்லை நேரம் சம்பந்தப்பட்டது. ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம் வரை இருக்கும். நீளமான ரிப்பன் கேபிளுக்கு 500 பிகோஃபாராட் கெபாசிட்டன்ஸ் என்று வைத்தால், 30 கிலோஓமில் கம்பி பழைய நிலைக்குத் திரும்ப 15 மைக்ரோசெகண்டும் அதற்கு மேலும் ஆகும். நிரல் அதற்குள் அடுத்த வரிசைக்குத் தாவிவிட்டால், அழுத்திய விசைக்கு 8 விசை தள்ளி இன்னொன்றும் விழுந்ததாகப் படிக்கும். நெடுவரிசை ஒவ்வொன்றிலும் வெளியே ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் அதே நேரம் 2.5 மைக்ரோசெகண்டுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் 20 மைக்ரோசெகண்ட் நின்று படித்தாலும் முழு மேனுவலும் கால் மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும், அவசரப்பட வேண்டியதில்லை.

சுவிட்ச் துள்ளலைச் சமாளிக்க, நிலை அமைதியாகும்வரை காத்திருந்து பிறகு நோட்டை அனுப்பும் நிரல்கள் உண்டு. ஆர்கனுக்கு அது வேண்டாம். முதல் தொடுதலிலேயே நோட்டை அனுப்பிவிட்டு, அடுத்த 5 மில்லிசெகண்ட் அந்த விசையில் என்ன நடந்தாலும் கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும். துள்ளலும் அடங்கும், தாமதமும் இருக்காது. வேகம் அறியும் கீபோர்டில் ஒரு விசைக்கு இரண்டு கான்டாக்ட் இருக்கும். அவற்றில் முதலில் மூடுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விசை மேலே இருக்கும்போதே ஒலி பிறப்பதுதான் ஆர்கன் விரல்களுக்குப் பழக்கம். அழுத்த வேகத்தை எப்போதும் ஒரே எண்ணாக அனுப்பினால் போதும்.

மிடி எண்களில் மேனுவல் 36-லிருந்து 96 வரை, பெடல் 36-லிருந்து 67 வரை. மேனுவல்களுக்கும் பெடலுக்கும் தனித்தனி சேனல். கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி வழியே போவது நல்லது. பழைய 5 பின் மிடி கேபிளின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு நோட் செய்தி போக ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட். 10 விரலும் ஒன்றாக இறங்கினால் கடைசி நோட் 10 மில்லிசெகண்ட் தாமதம். ஒரு பிஸ்டனை (சேமித்த ஸ்டாப் தேர்வை ஒரே அழுத்தில் கொண்டுவரும் பொத்தான்) அழுத்தி 60 ஸ்டாப் மாறினால் 58 மில்லிசெகண்ட். டீன்சி, லியனார்டோ, ப்ரோ மைக்ரோ போன்ற பலகைகள் நேரடியாக யூஎஸ்பி மிடியாகவே கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஆர்டுயினோ மெகா அப்படித் தெரியாது, இடையில் வேறு ஏற்பாடு தேவைப்படும்.

பெடல்

பழைய ஆர்கனிலிருந்து கழற்றிய பெடல் போர்டு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நீங்களே மரத்தில் செய்வதென்றால் அமெரிக்க ஆர்கனிஸ்ட்கள் சங்கத்தின் அளவுதான் வழிகாட்டி: குழிவும் விரிவும் இரண்டுமே 8 அடி 6 அங்குல ஆரம். நடுப்பகுதி வெள்ளைப் பெடலின் மேற்பரப்பிலிருந்து கீழ் மேனுவலின் விசை உயரம் 29.5 அங்குலம். பெடலின் நடு டி, மேனுவலின் நடு டி-க்கு நேர் கீழே வரும்படி வைப்பது வழக்கம். இந்த உயரத்தில் ஓர் அங்குலம் பிசகினாலும் முழங்கால் மேனுவலின் அடிப்பலகையில் இடிக்கும், அல்லது பெடலுக்குக் கால் எட்டாது. கன்சோலின் மற்ற அளவுகளை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றலாம், இதை மட்டும் மாற்றாதீர்கள்.

சுவிட்சுக்கு, காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச் அல்லது ஹால் சென்சார். ரீட் சுவிட்ச் தூசிக்கும் ஈரத்துக்கும் அசையாது, ஆனால் காந்தம் எப்படி நெருங்குகிறது என்பதில் கவனம் தேவை. வட்டக் காந்தத்தின் முகம் ரீடின் நடுப்பகுதியைப் பார்த்தபடி நேராக வந்தால் ரீட் மூடவே மூடாது. இரு தகடுகளுக்கும் ஒரே மாதிரி புலம் கிடைப்பதால் அவற்றுக்கிடையே ஈர்ப்பு உண்டாவதில்லை. காந்தத்தை ரீடின் ஒரு முனைப் பக்கம் தள்ளி வையுங்கள், உடனே சரியாகிவிடும். நீளக் காந்தம் என்றால் ரீடுக்கு இணையாக வைத்து, பக்கவாட்டிலிருந்து நெருங்கவிடுங்கள். நீளவாக்கில் உரசிக்கொண்டு போகவிட்டால் ஒரே மிதிக்கு இரண்டு மூன்று முறை மூடித் திறக்கும்.

ஏ3144 ஹால் சென்சார் தென்துருவத்துக்கு மட்டுமே அசையும், அதுவும் எழுத்து அச்சிட்ட முகத்தின் பக்கமாக. 32 காந்தத்தையும் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் துருவத்தையும் சென்சாரில் காட்டிச் சோதித்து மார்க்கரால் குறித்துவிடுங்கள். பசை காய்ந்த பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. இதன் வெளியீடு ஓப்பன் கலெக்டர் என்பதால் ஒவ்வொன்றுக்கும் 10 கிலோஓம் புல்-அப் வேண்டும். 74ஹெச்சி165 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் 4 இருந்தால் 32-ஐயும் படித்துவிடலாம். பவர் சப்ளையில் சென்சார்களுக்கென்று 300 மில்லிஆம்பியர் ஒதுக்குங்கள்.

ஸ்டாப் டேப்கள்

நிறம் பழைய மரபுப்படியே இருக்கட்டும்: ரீட் குழல் (நாக்கு அதிர்ந்து ஒலிப்பது) வகைக்குச் சிவப்பு, ஃப்ளூட்டுக்கும் டயபேசனுக்கும் வெள்ளை, ஸ்ட்ரிங்குக்கு மஞ்சள், கப்ளருக்கு (ஒரு விசைப்பலகையை இன்னொன்றோடு இணைப்பது) கறுப்பு. வாசிக்கும்போது எழுத்தைப் படிக்க நேரமிருக்காது. கை நிறத்தையும் இடத்தையும் பார்த்துத்தான் போகும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 16 அடியில் தொடங்கி அடி எண் குறைந்துகொண்டே வர வேண்டும்.

நிஜ ஆர்கனில் பிஸ்டனை அழுத்தினால் டேப்கள் தாமாகவே மேலும் கீழும் புரளும். அதைச் செய்வது ஒவ்வொரு டேப்பின் பின்னாலும் உள்ள இரட்டைக் காயில் காந்தம், சேம் என்பார்கள். விலை அதிகம், மின்சாரமும் நிறைய இழுக்கும். ஒரு காயில் 0.35 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 காயிலையும் ஒரே கணத்தில் இயக்க 21 ஆம்பியர் வேண்டும். அதற்கு சப்ளை வாங்குவதற்குப் பதிலாக 8, 8 ஆகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 60 மில்லிசெகண்ட் துடிப்பு கொடுங்கள். அப்போது உச்ச ஓட்டம் 2.8 ஆம்பியர்தான். எல்லாம் புரண்டு முடிய அரை விநாடி ஆகும், ஆனால் ஒலி அரை விநாடி காத்திருக்கக் கூடாது. மென்பொருளில் ஸ்டாப்கள் உடனே மாறட்டும், டேப்கள் பின்னாலேயே வந்து சேரட்டும்.

இங்கே ஒரு சுழல் சிக்கல் ஒளிந்திருக்கிறது. டேப் புரளும்போது அதன் சுவிட்சும் நிலை மாறி மென்பொருளுக்குச் செய்தி அனுப்பும். மென்பொருள் அதை வாசிப்பவரின் கைவேலை என்று எடுத்துக்கொண்டு பதில் அனுப்பினால், டேப்கள் படபடவென்று ஆடத் தொடங்கும். நிரலில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இருக்க வேண்டிய நிலை என்று ஒன்றை வைத்திருங்கள். சுவிட்சின் நிலை அதோடு ஒத்துப்போனால் செய்தியே அனுப்பாதீர்கள். ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு வேண்டும், இல்லையென்றால் காயில் அணையும்போது எழும் மின்னழுத்தம் டிரைவர் சிப்பைத் தின்றுவிடும். காயில் சப்ளையும் லாஜிக் சப்ளையும் வேறு வேறாக இருக்கட்டும், தரைக் கம்பிகள் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சந்திக்கட்டும்.

சேம் வேண்டாம் என்றால், அழுத்தினால் திரும்பிவிடும் டேப்பும் அதனுள் ஓர் எல்ஈடியும் போதும். 5 வோல்ட்டில் 470 ஓம் போட்டால் ஓர் எல்ஈடிக்கு 6 மில்லிஆம்பியர் சொச்சம். ஒரு 74ஹெச்சி595 எட்டையும் தாங்கும். கட்டுவதற்கு இதுதான் எளிது, பழுதும் குறைவு. முதல் ஆர்கனுக்கு நான் பரிந்துரைப்பதும் இதையே.

ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களைச் சங்கிலியாகக் கோக்கும்போது கடிகாரக் கம்பி நீளமானால் துடிப்பின் ஓரத்தில் அலை எழும். அதை இரண்டு துடிப்பாக எண்ணி, எல்லா ஸ்டாப்பும் ஓரிடம் தள்ளிப் படிக்கப்படும். டிரைவர் பக்கத்தில் 100 ஓம் தொடரில், ஒவ்வொரு சிப்புக்கும் 100 நானோஃபாராட், ரிப்பன் கேபிளில் கடிகாரக் கம்பிக்கு இருபுறமும் தரை. இந்த மூன்றும் இருந்தால் அந்தப் பிரச்சினை வராது.

யூனிஃபிகேஷன்: ஒரு குழல் ஒருமுறைதான் ஒலிக்கும்

நீங்களே ஆர்கன் கோப்பு எழுதினாலோ சொந்தமாக நிரல் எழுதினாலோ, கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இது. டிபியா ரேங்கில் 97 குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 அடி ஸ்டாப் முதல் குழலிலிருந்து தொடங்கும். 8 அடி ஸ்டாப் 12 குழல் தள்ளி, 4 அடி 24 தள்ளி, 2 2/3 அடி ட்வெல்ஃப்த் 31 தள்ளி, 2 அடி 36 தள்ளி. 61-உம் 36-உம் சேர்ந்துதான் 97.

8 அடியும் 4 அடியும் போட்டு நடு சி-யையும் அதற்கு மேல் சி-யையும் சேர்த்துப் பிடித்தால், கீழ் விசையின் 4 அடியும் மேல் விசையின் 8 அடியும் ஒரே குழலைத்தான் கேட்கின்றன. நிஜ ஆர்கனில் அந்தக் குழல் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது, கூடுதலாக எதுவும் நடக்காது. அஜாக்கிரதையாக எழுதிய நிரலில் அதே சாம்பிள் (குழலின் ஒலிப்பதிவு) இரண்டு முறை ஓடும். இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கினால் அந்த நோட் மட்டும் 6 டெசிபல் துருத்தும். சில மில்லிசெகண்ட் முன்பின் தொடங்கினால் ஒன்றையொன்று அரித்து, தகரக் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். தீர்வு எளிது. ஒவ்வொரு குழலுக்கும் ஓர் எண்ணிக்கை வையுங்கள். ஒரு ஸ்டாப் கேட்கும்போது ஒன்று கூட்டு, விடும்போது ஒன்று கழி. 0-விலிருந்து 1 ஆகும்போது மட்டும் ஒலியைத் தொடங்கு, 1-லிருந்து 0 ஆகும்போது மட்டும் நிறுத்து. ஸ்டாப்களை நோட் பிடித்திருக்கும்போதே மாற்றினாலும் இதே கணக்கு நடக்க வேண்டும். இல்லையென்றால் நோட்டுகள் தொங்கி நின்றுவிடும்.

குழலுக்குக் குழல் ஓரிரு சென்ட் சுருதி வித்தியாசம் கொடுப்பதும் இந்த இடத்தில்தான். அந்த வித்தியாசம் குழலுக்கு நிரந்தரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் மாறினால் அது செயற்கையாகத் தெரியும்.

நினைவகக் கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 288 கிலோபைட். 10 ரேங்க், ரேங்குக்கு 75 குழல், ஒவ்வொன்றும் 5 விநாடி என்றால் 1 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். டிரெமுலன்ட்டோடு தனியாகப் பதிந்த சாம்பிள்களும் இருந்தால் அதில் இரட்டிப்பு. ஆடியோ பஃபர் 256 சாம்பிளில் (இங்கே ஒலி அலையின் ஒற்றை அளவீடு) 5.3 மில்லிசெகண்ட் தாமதம் வரும். மொத்தமாக 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் விரலுக்குத் தெரியாது. ஒலி 1 மீட்டர் கடக்கவே 3 மில்லிசெகண்ட் ஆகிறது. அரங்கில் குழல் அறை 10 மீட்டர் தள்ளி இருந்தாலே 30 மில்லிசெகண்ட் தாமதத்தோடுதான் வாசித்தார்கள். வாசிப்பின் நடுவே டிக் டிக் என்று சத்தம் வந்தால் பஃபரைக் கூட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரின் மின்சேமிப்பு அமைப்பை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும்.

டிரெமுலன்ட்

நிஜத்தில் டிரெமுலன்ட் என்பது காற்றின் அழுத்தத்தை விநாடிக்கு 6, 7 முறை விட்டு விட்டுத் தளர்த்தும் கருவி. அழுத்தம் ஏறும்போது சுருதி சற்றே ஏறும், சத்தம் கூடும், ஒலியின் நிறமும் பிரகாசமாகும். மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பல எலக்ட்ரானிக் ஆர்கன்கள் சுருதியை மட்டும் ஆட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அதனால்தான் அவை மலிவான கீபோர்டு போல ஒலிக்கின்றன.

தொடக்கத்துக்கு நான் வைக்கும் அளவுகள் இவை. டிபியாவுக்கு மேலும் கீழும் 20 சென்ட், சத்தத்தில் 3 டெசிபல், கூடவே மேல் அதிர்வெண்களைச் சற்றே திறந்து மூடும் ஃபில்டர். வாக்ஸ் ஹியூமனாவுக்கு சுருதி ஆட்டத்தைக் குறைத்து, சத்த ஆட்டத்தைக் கூட்டுங்கள். ரீட் குழலின் சுருதியைத் தீர்மானிப்பது பெரிதும் அதன் நாக்கும் அதைப் பிடித்திருக்கும் கம்பியும் என்பதால், காற்றழுத்தம் மாறினாலும் அது ஃப்ளூட் அளவுக்கு அசையாது. ஸ்ட்ரிங்குக்கு டிபியாவில் பாதி போதும். இவை ஆரம்பப் புள்ளிகள், உங்கள் அறையிலும் சாம்பிளிலும் காதைக் கொண்டுதான் முடிக்க வேண்டும்.

அலை வடிவம் சுத்தமான சைனாக இருக்க வேண்டாம். ஏறும் பாதியும் இறங்கும் பாதியும் கொஞ்சம் வேறுபட்டால் மூச்சு விடுவதுபோல் இருக்கும். ஸ்டாப்பைப் போட்டதும் ஆட்டம் முழு அளவில் குதிக்காமல் அரை விநாடியில் வளர்ந்து வர வேண்டும். எல்லா ரேங்குக்கும் ஒரே ஆட்டத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள். மெயின், சோலோ, டிபியா, வாக்ஸ் என்று நாலு தனி டிரெமுலன்ட், 6.3, 6.6, 6.8, 6.1 ஹெர்ட்ஸ் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத வேகத்தில். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும், திரும்பச் சேரும், பிரியும். தியேட்டர் ஆர்கனின் அந்த மிதக்கும் ஒலி இந்தச் சேர்க்கையிலிருந்து வருகிறது. ஆனால் ஒரே டிரெமுலன்ட்டின் கீழ் உள்ள குழல்கள் எல்லாம் ஒன்றாகவே ஆட வேண்டும், அவை ஒரே காற்றைப் பகிர்பவை. நோட்டுக்கு நோட் ஆட்டம் வேறு கட்டத்தில் தொடங்கினால் கார்டு குழம்பிச் சேறாகும். டிரெமுலன்ட்டோடு பதிந்த சாம்பிள்களைப் பயன்படுத்தும்போது இந்தக் குழப்பத்தைத்தான் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்வெல் பெடல்

ஸ்வெல் பெடலால் குழல் அறையின் மரக் கதவுகள் மூடும்போது சத்தம் மட்டும் குறைவதில்லை, மேல் அதிர்வெண்கள் முதலில் மறைகின்றன. வால்யூமோடு ஒரு லோ-பாஸ் ஃபில்டரும் சேர்ந்து இயங்கினால்தான் கதவு மூடிய உணர்வு வரும். தியேட்டர் வாசிப்பில் வலது கால் இந்தப் பெடலைவிட்டு நகர்வதே இல்லை, ஆகவே அதன் உறுதியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

10 கிலோஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர், நடு முனையில் 100 நானோஃபாராட். பெடலின் முழு அசைவும் பொட்டின் முழுச் சுற்றைத் தொடாது என்பதால், நிரலில் இரு எல்லைகளையும் அளந்து 0 முதல் 127 வரை விரித்துக்கொள்ளுங்கள். மதிப்பு ஒரு படியின் விளிம்பில் நிற்கும்போது 63, 64, 63, 64 என்று செய்தி கொட்டிக்கொண்டே இருக்கும். 1,023 அளவில் குறைந்தது 6 மாறினால்தான் அனுப்பு என்று வைத்தால் அடங்கிவிடும். கார்பன் பொட் நாளடைவில் தேய்ந்து கரகரக்கும். பெடல் அச்சில் காந்தமும் லீனியர் ஹால் சென்சாரும் வைத்தால் தேய்வதற்கே ஒன்றுமில்லை.

ஸ்பீக்கர்களும் அறையும்

எல்லா ரேங்கையும் ஒரே ஜோடி ஸ்பீக்கரில் கொட்டினால், தனித்தனியே அழகாக இருந்த ஒலிகள் சேர்ந்ததும் கலங்கிவிடும். டிபியாவின் பெரிய அசைவு, அதே கூம்பில் ஒலிக்கும் ஸ்ட்ரிங்கையும் சேர்த்து ஆட்டுவதே காரணம். 6 அல்லது 8 வெளியீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் எடுங்கள். டிபியாவுக்கு ஒன்று, வாக்ஸும் ஸ்ட்ரிங்கும் வேறொன்று, டயபேசன் ஃப்ளூட் ஒன்று, பித்தளை ரீட்கள் ஒன்று, பாஸ் தனி. சத்த அளவில் இடம் விடவும் மறக்காதீர்கள். 100 குழல் ஒன்றாக ஒலித்தால் ஒற்றைக் குழலைவிட ஏறத்தாழ 20 டெசிபல் அதிகம். ஒற்றை நோட்டைக் கேட்டு அளவு வைத்தால் முதல் பெரிய கார்டிலேயே கிளிப்பாகிவிடும்.

கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபையரும் சேரும்போது ஹம் வந்தால் பேலன்ஸ்டு கேபிளோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ போடுங்கள். மின் பிளக்கின் எர்த்தை எடுத்துவிட்டு ஹம்மைப் போக்குவது உயிருக்கு ஆபத்து, அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

16 அடியின் கீழ் சி 32.7 ஹெர்ட்ஸ். அதுவரை உண்மையாக இறங்கும் சப்வூஃபர் இல்லாமல் பெடல் வெறும் நிழல்தான். அறையும் இதில் சேர்ந்து வாசிக்கும். 5.25 மீட்டர் நீள அறையின் முதல் ஒத்ததிர்வு சரியாக 32.7 ஹெர்ட்ஸில் விழுகிறது. அந்த அறையில் கீழ் சி ஜன்னலை உலுக்கும். சில நோட் மேலே போனால் பெடல் இளைத்துவிடும். சப்வூஃபரைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்திப் பார்த்துவிட்டு, மீதியை மென்பொருளில் குழல் குழலாகச் சரிசெய்யுங்கள். துருத்தும் குழலில் 4, 5 டெசிபல் குறைப்பதில் தப்பில்லை. குழல் ஆர்கனை நிறுவுபவர்கள் அந்தந்த அறைக்குள் நின்று செய்ததும் இதே வேலைதான்.

வாய்ஸிங்கை டிபியா 8 அடியிலிருந்து தொடங்குங்கள், டிரெமுலன்ட் இல்லாமல். 61 விசையையும் ஒவ்வொன்றாக, வாசிக்கும் இருக்கையில் உட்கார்ந்து கேட்டு, சத்தம் படிக்கட்டு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்வரை திருத்துங்கள். பிறகு டிரெமுலன்ட்டைப் போட்டு, டிபியாவோடு வாக்ஸைச் சேர்த்து, வாக்ஸ் தனியாகத் தெரியாமல் டிபியாவின் விளிம்பாக ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அதை நிறுத்துங்கள். அதன்மேல் ஸ்ட்ரிங், அடுத்து ஃப்ளூட், டயபேசன். டூபா கடைசியில். மற்ற எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது அதைப் போட்டால் மேளம் கட்டியதுபோல் மேலே எழ வேண்டும், ஆனால் டிபியா காணாமல் போகக் கூடாது. ஒவ்வொரு ரேங்க் முடிந்ததும் அமைப்புக் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுத்து வையுங்கள், அடுத்த ரேங்கைத் தொட்ட பிறகு முந்தையதற்குத் திரும்ப வேண்டிய தேவை கட்டாயம் வரும்.